விட்ட இடத்திலிருந்து



எண்ணிக்கை நூலின் 33ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவோம். இங்கிருந்து புறப்பட்டார்கள், அங்கே பாளையம் இறங்கினார்கள் என்று வெறும் ஊர்ப் பட்டியல். ஆனால் அது ஆண்டவரே சொல்லி மோசே எழுதிவைத்தது. பன்னிரண்டு நீரூற்றும் எழுபது பேரீச்சையும் இருந்த ஏலிம் அதில் உண்டு. குடிக்கத் தண்ணீர் இல்லாத இரபிதிமும் உண்டு. நாற்பது ஆண்டு நடையைத் தங்கல் தங்கலாகக் கணக்கு வைத்திருக்கிறார் கடவுள்.

தங்கல் தங்கலாக நடக்கும் வழி இன்றும் உண்டு. அமெரிக்காவில் அப்பலாச்சியன் பாதை என்றொரு காட்டுவழி. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலைக்கும் மேய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலைக்கும் இடையே 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். மரங்களில் தீட்டிய வெள்ளைப் பட்டைகள்தாம் வழிகாட்டி. ஒரே வீச்சில் நடந்தால் ஐந்தாறு மாதம் பிடிக்கும். விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து, பல ஆண்டுகளில் முடிப்பவர்களும் உண்டு. பாதையைப் பேணும் அமைப்பு இரு சாராரையும் ஒரே பட்டியலில்தான் சேர்க்கிறது. எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைப் பொருட்படுத்துவதில்லை.

அந்தப் பாதையில் நடந்தவர்களில் ஒருவர் ஒஹையோவைச் சேர்ந்த எம்மா கேட்வுட், பதினொரு பிள்ளைகளின் தாய். 1954இல் மேய்ன் பக்கமிருந்து கிளம்பி வழிதவறினார், மூக்குக்கண்ணாடியும் உடைந்தது. வீடு திரும்பினார். மறு ஆண்டு, 67 வயதில், ஜார்ஜியாவிலிருந்து தொடங்கினார். கையால் தைத்த துணிப்பை, கேன்வாஸ் காலணி, மழைக்குக் குளியலறைத் திரை. கூடாரம்கூட இல்லை! தனியாக முழுவதையும் ஒரே பயணத்தில் நடந்த முதல் பெண் அவரே. 1957இல் மறுபடியும் நடந்தார். மூன்றாம் முறை பகுதி பகுதியாக நடந்து 1964இல் முடித்தார். எனக்கு அந்த மூன்றாவது நடைதான் அதிகம் பிடிக்கும். முதுமையில் உடம்பு தந்த அளவை ஏற்று நடந்தது அது.

நம் வாழ்விலும் பாதியில் நின்ற நடைகள் உண்டு. தொடக்க நூலில் ஆரம்பித்த விவிலிய வாசிப்பு லேவியரில் நின்றுபோனவர்கள் இங்கே எத்தனை பேர்? (சாமியார்களும் இதில் சேர்த்திதான்.) குழந்தை பிறந்ததும் விட்டுப்போன குடும்ப செபம், இரவுப் பணியால் தவறிய ஞாயிறு திருப்பலி, அண்ணன் தம்பிக்குள் பாதியில் நின்ற சமாதானப் பேச்சு. 'இனி முதலிலிருந்தா?' என்று மலைத்தே பலர் உட்கார்ந்துவிடுகிறோம். முதலிலிருந்து வேண்டாம். நின்ற இடத்தைத் தேடிப் போங்கள். நடந்த தூரம் ஆண்டவரின் கணக்கில் அப்படியே இருக்கிறது.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வந்து பல ஆண்டு ஆனவர்கள் வெட்கப்பட வேண்டாம். சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் கோவிலில் இருப்பேன். வாருங்கள்.