பின்வாங்க ஒரு வழி

வலிமை உள்ளவன் அதைப் பயன்படுத்தாமல் நிற்பது பொறுமையா, அச்சமா? பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. சில வேளைகளில் அப்படி நிற்பவனுக்கேகூட வேறுபாடு விளங்குவதில்லை. கோடிக்கணக்கான உயிர்கள் ஒரு மனிதரின் முடிவைச் சார்ந்திருக்கும்போது இந்தக் கேள்வி மிகவும் கடுமையானதாகிறது.

1961 ஜனவரி 20-ஆம் நாள் ஜான் கென்னடி அமெரிக்காவின் ஜனாதிபதியாகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 43. தேர்தலில் வென்று அப்பதவிக்கு வந்தவர்களுள் அவரே மிக இளையவர். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதங்களுடன் எதிரெதிரே நின்ற காலம் அது.

தோல்வி தந்த பாடம்

மூன்று மாதங்கள்கூட நிறைவடையவில்லை. காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்ப்பதற்காக, அமெரிக்க உளவுத்துறையிடம் பயிற்சி பெற்ற சுமார் 1,400 கியூப அகதிகள் ஏப்ரல் 17-இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறங்கினர். மூன்றே நாட்களில் முறியடிக்கப்பட்டனர். திட்டம் முந்தைய ஆட்சியில் உருவானது. ஆயினும் பொறுப்பு தம்முடையதே என்று கென்னடி வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். வல்லுநர்கள் உறுதியாகச் சொல்வதாலேயே ஒன்று சரியாகிவிடாது என்பதை அவர் அப்போது உணர்ந்தார்.

பதின்மூன்று நாட்கள்

1962 அக்டோபர் 16-ஆம் நாள் காலை, கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைத் தளங்கள் அமைக்கப்படும் செய்தி அவரை எட்டியது. முதலில் அவர் மனமும் விமானத் தாக்குதலையே நாடியது. படைத் தளபதிகளும் அதையே வற்புறுத்தினர். ஆனால் அவர் கடல்வழித் தடையைத் தேர்ந்தெடுத்தார். எதிரி சிந்திப்பதற்கு அது அவகாசம் தந்தது.

அக்டோபர் 27-இல் அமெரிக்க வேவு விமானம் ஒன்று கியூபாவின்மீது சுட்டு வீழ்த்தப்பட்டது, விமானி உயிரிழந்தார். அப்படி நேர்ந்தால் திருப்பித் தாக்குவது என முன்பே திட்டமிடப்பட்டிருந்தது. கென்னடி காத்திருந்தார். மறுநாள் குருஷேவ் ஏவுகணைகளை அகற்ற இசைந்தார். இதை வெற்றியென்று பெருமை பேசக் கூடாது எனத் தம்மவர்களுக்குக் கென்னடி கட்டளையிட்டார். கியூபாவிலிருந்த சோவியத் படையினரிடம் போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறு அணு ஆயுதங்களும் இருந்தன என்பது 1992-இல்தான் அமெரிக்கர்களுக்குத் தெரியவந்தது. அன்று படையெடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்!

மறைத்த பாதி

இத்துடன் நிறுத்தினால் அது புகழுரையாகிவிடும். துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாகக் கென்னடி தம் சகோதரர் ராபர்ட் மூலம் சோவியத் தூதரிடம் வாக்களித்திருந்தார். இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. 1963 ஏப்ரலில் அவை அகற்றப்பட்டன. ஆனால் விட்டுக்கொடுத்த செய்தி பல ஆண்டுகள் மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது. உறுதியாக நின்றால் எதிரி பணிவான் என்ற பாதிப் பாடத்தையே அவர்கள் கற்றனர். எதிரிக்கு விட்டுக்கொடுக்கத் துணிந்தவர், அதைச் சொந்த மக்களிடம் சொல்லத் துணியவில்லை. கியூபாவுக்கு எதிரான மறைமுகச் சதிகள் 1961-க்குப் பின்னும் தொடர்ந்ததும், வியட்நாமில் அமெரிக்கப் படை ஆலோசகர்கள் சுமார் 16,000 பேராகப் பெருகியதும் அவரது ஆட்சியில்தான்.

ஆயினும் அந்த நெருக்கடி அவரை மாற்றியது. 1963 ஜூன் 10-இல் வாஷிங்டனில் ஆற்றிய உரையில், சோவியத் மக்களைப் பற்றிய தங்கள் மனப்போக்கை அமெரிக்கர்களே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். இரு தலைநகரங்களுக்கிடையே நேரடித் தொடர்பு ஏற்பட்டது. ஆகஸ்ட் 5-இல், நிலத்தடி தவிர்ந்த அணுகுண்டுச் சோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தானது. நவம்பர் 22-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தொடக்கக் கேள்விக்குத் திரும்புவோம். அச்சம் தன்னை மட்டுமே பார்க்கிறது. பொறுமையோ எதிரில் நிற்பவனின் இக்கட்டையும் பார்க்கிறது. அவன் மானத்தோடு பின்வாங்க ஒரு வழியைத் திறந்துவைக்கிறது. அந்த அக்டோபரில் உலகம் பிழைத்தது அதனால்தான். அந்த வழிக்கு நாமும் ஒரு விலை கொடுத்தோம் என்று நம்மவர்களிடமே ஒப்புக்கொள்வது இன்னும் கடினமான துணிவு. கென்னடியிடம் அது முழுமையாக வாய்க்கவில்லை. நம் சிறிய சண்டைகளிலேனும் நாம் அதைப் பழகத் தொடங்கலாம்.