நிறுத்தி வைத்த கொடை

கோயிலில் உபயக் கணக்கு எழுதுகிறவனுக்குத் தானம் பற்றிய மயக்கம் சீக்கிரமே தெளிந்துவிடும். தேர் எந்தக் குடும்பத்துக்கு, தீர்த்தம் எந்தக் குடும்பத்துக்கு என்று விசாரித்த பிறகுதான் பலர் பணம் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பார்த்ததைத்தான் ஓக்லாந்திலும் பார்க்கிறேன். அதனால், ஓர் அரசு உள்நோக்கத்தோடு உதவுகிறது என்று யாராவது கொதித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மறுமையை எண்ணிக் கொடுப்பதுகூட வணிகமே, வள்ளல் ஆய் அப்படிக் கொடுப்பவன் அல்லன் என்று புறநானூற்றில் முடமோசியார் பாடினார். அந்த அளவுகோலை வெலிங்டனுக்கும் டில்லிக்கும் நீட்டுவது வீண்வேலை.

2022-இல் பொருளாதார நெருக்கடியில் இலங்கை முடங்கியபோது இந்தியா ஏறக்குறைய 400 கோடி அமெரிக்க டொலர் அளவுக்குக் கடனும் உதவியும் தந்தது. 2023 ஜனவரியில் கடன் மறுசீரமைப்புக்கு ஒத்துழைப்பதாகச் சர்வதேச நாணய நிதியத்துக்கு முதலில் உறுதி கொடுத்ததும் இந்தியாதான். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் இருக்கையில், டில்லியின் கண் எங்கே என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பெற்றோல் வரிசையில் நின்ற என் தங்கச்சிக்கு, அந்த உதவியில் வந்த பெற்றோல் பெற்றோல்தான்.

எனக்கு இடிப்பது, கொடுத்ததை நிறுத்தும் இடம்.

குக் தீவுகள் 1965 முதல் தன்னாட்சி நாடு. அங்குள்ளவர்கள் நியூசிலாந்துக் குடிமக்கள். தீவுகளில் சுமார் 15,000 பேர். அதைவிடப் பல மடங்கினர் நியூசிலாந்தில், பெரும்பாலும் ஓக்லாந்தில். 2025 பெப்ரவரியில் அவர்களது பிரதமர் மார்க் பிரவுன் சீனாவோடு உடன்பாடு செய்துகொண்டார். இரு நாடுகளின் 2001 கூட்டுப் பிரகடனத்தின்படி முன்கூட்டியே கலந்து பேசியிருக்க வேண்டும் என்றது வெலிங்டன். அதில் நியாயம் உண்டு. ஆனால் ஜூனில் வெளியே வந்த செய்தி வேறு: குக் தீவுகளுக்கான உதவியில் 1.82 கோடி நியூசிலாந்து டொலரை வெலிங்டன் நிறுத்தி வைத்திருந்தது. சுகாதாரம், கல்வி, சுற்றுலாவுக்குப் போகிற காசு. ஒட்டாரா சனிக்கிழமைச் சந்தையில் எனக்குச் சேப்பங்கிழங்கு விற்கும் குக் தீவு அம்மா, தராசைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "கையெழுத்துப் போட்டது பிரதமர். காசு நின்றது ஆஸ்பத்திரிக்கு."

நிறுத்த முடியாத கொடையும் இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் கோயிலின் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. ஆட்டைப் பெற்றவர் நாளுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும்; செத்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து மந்தை குறையாமல் இருக்க வேண்டும். கொடுத்தவர்கள் துறவிகள் அல்லர். பேரும் செல்வாக்கும் தேடியவர்களே. ஆனால் கல்லில் வெட்டியபின் அவர்கள் கை விலகிவிடும். தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற சாபத்துக்குக் கொடுத்தவரும் விலக்கல்லர். இன்றைய உதவிப் பணத்தில் அப்படியொரு வரி கிடையாது. மீண்டும் மீண்டும் பேச்சுவார்த்தை, குழாயின் திருகு எப்போதும் கொடுப்பவர் கையில்.

வரிப்பணம், நிறுத்த உரிமை இல்லையா என்று மகன் கேட்கிறான். உரிமை இருக்கிறது. பிரவுனோடு கோபமென்றால் பிரவுனிடம் காட்டலாமே. தன்னாட்சியின் 60-ஆம் ஆண்டு விழாவுக்கு 2025 ஓகஸ்டில் நியூசிலாந்துப் பிரதமர் போகவில்லை. அதோடு விட்டிருக்கலாம்.