மறுபடியும் அதே முகாமுக்கா?



பரீட்சைகள் முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடப்படும் காலம் வந்துவிட்டது. இந்த நாட்களில் கோயில் முற்றத்திலும், நான் வீடு சந்திக்க வரும்போதும், பெற்றோர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. போன வருஷம் பிள்ளையை அனுப்பின அதே கோடை முகாமுக்கு இந்த வருஷமும் அனுப்பலாமா, வேண்டாமா என்பதே அது. கேட்பதற்கு அற்பமான விஷயம் போல் தோன்றும். பணமும் பஸ்ஸும் சரியாயிருந்தால் அனுப்ப வேண்டியதுதானே, இதற்குக் குருவானவரிடம் ஆலோசனை எதற்கு என்று சிலர் சிரிக்கவும் கூடும். நான் சிரிக்கவில்லை. இன்னொரு ஆத்துமத்தின் சித்தம் நம்முடைய கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கும்போது அதை நாம் எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்கிற கேள்வி இதற்குள் இருக்கிறது.

நம்முடைய செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அங்கிருந்து வடக்கே கடலோரச் சாலை நெடுகிலும் பிள்ளைகள் பார்க்கவும் படிக்கவும் காரியங்கள் ஏராளம். வடநெம்மேலியில் 1976-ம் ஆண்டு ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கின முதலைப் பண்ணை இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கோவளத்திலே கார்மேல் மாதா கோயிலும், அதன் பக்கத்துக் கடலில் பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் புது விளையாட்டும் உண்டு. மாமல்லபுரத்துக் கற்கோயில்களைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் காட்டி, ஐந்து நாள், ஏழு நாள் பிள்ளைகளைத் தங்கவைத்து முகாம் நடத்துகிறவர்கள் இப்போது பலர்.

நம் பங்கிலுள்ள ஒரு குடும்பத்தார் போன கோடையில் தங்கள் மகனையும் மகளையும் அப்படிப்பட்ட ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். முகாமின் பெயர் இங்கே வேண்டாம். மகனுக்கு இப்போது வயது 12, மகளுக்கு 9. இந்த வருஷம் மறுபடி படிவம் வந்திருக்கிறது. பையன் போயே தீர வேண்டும் என்கிறான். பெண் போகமாட்டேன் என்கிறாள். தகப்பனார் என்னிடம், "ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பினாத்தான் நியாயம் சாமி. ஒண்ணை அனுப்பிட்டு ஒண்ணை வச்சுக்கிட்டா நாளைக்கு அதுவே கேக்கும்" என்றார். தாயாரோ, "அவ ஏன் வேணாங்கறான்னே தெரியல சாமி. கேட்டா 'சும்மா'ங்கறா" என்று வருத்தப்பட்டார்கள்.

அதே இடத்துக்குத் திரும்பப் போவதில் நன்மை இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிற பிள்ளை பாதி நேரத்தைச் செருப்பை எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே கழிக்கிறது. இரண்டாந்தடவை போகிற பிள்ளைக்குக் குழாயடி தெரியும், சமையற்காரம்மாளைத் தெரியும். அழுகிற புதுப் பிள்ளைக்கு வழி காட்டவும் தெரியும். அர்ச். தொன் போஸ்கோ தூரின் நகரத்துப் பையன்களைக் கூட்டிக்கொண்டு, வருஷந்தோறும் ஜெபமாலை மாதா திருநாளுக்குத் தாம் பிறந்த பெக்கி என்னும் சிற்றூருக்கே போவார். அவருடைய அண்ணன் ஜோசப்பின் வீடு அங்கே இருந்தது. அதிலிருந்து சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்கெல்லாம் நடந்தார்கள். பிற்பட்ட வருஷங்களில் வாத்தியக் குழுவும் சேர்ந்துகொண்டது. 1864 வரை அந்தப் பெரிய நடைப் பயணங்கள் நடந்தன. புதுப்புது ஊர்களைத் தேடி ஓடினால்தான் பிள்ளைகள் வளரும் என்று அந்தப் பெரிய ஆசிரியர் நினைக்கவில்லை.

ஆனால் பெற்றோர்களே, நம்மில் அநேகர் அதே முகாமுக்கு அனுப்புவது இந்த நன்மையை யோசித்தல்ல. போன வருஷம் ஒரு கஷ்டமும் வரவில்லை, மறுபடி விசாரித்து அலைய வேண்டாம் என்பதற்காகவே அனுப்புகிறோம். தாயும் தகப்பனும் மறைமலைநகரிலும் மகேந்திரா சிட்டியிலும் வேலைக்குப் போகிற வீடுகளில், மே மாதம் முழுவதும் பிள்ளைகளைப் பகலில் யார் பார்ப்பது என்பது பெரிய பாரம். அதைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது உங்களுடைய தேவை. அதைப் பிள்ளையின் நன்மை என்று பெயர் மாற்றி, பிள்ளையிடமே விற்கக்கூடாது. "எனக்கும் அப்பாவுக்கும் லீவு கிடைக்கல, அதனால கேக்குறேன்" என்று சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும். (நம்முடைய கடலுக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகளை நிறுத்தி ஓய்வு கொடுக்கிறோம். பிள்ளைகளுக்குத்தான் ஒரு வாரம்கூடச் சும்மா இருக்க விடமாட்டேன் என்கிறோம். இது வேறு கதை.)

வருஷந்தோறும் அதே இடத்துக்குப் போன ஒரு குடும்பத்தைப்பற்றி அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். அர்ச். சூசையப்பரும் தேவமாதாவும் ஒவ்வொரு வருஷமும் பாஸ்காத் திருநாளுக்கு எருசலேமுக்குப் போவது வழக்கம். வழி தெரியும், கூடப் போகிறவர்கள் உறவினர்களும் ஊராரும். பிள்ளைக்கு 12 வயதான அந்த வருஷமும் அப்படியே போனார்கள். திரும்பும்போது பிள்ளை கூட்டத்திலே எங்கேயோ இருக்கிறார் என்று நினைத்து ஒரு நாள் பிரயாணம் வந்தபிறகுதான், அவர் இல்லையென்று கண்டார்கள். மூன்றாம் நாள் தேவாலயத்தில், போதகர்கள் நடுவில் கண்டுபிடித்தார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல நான் துணியேன். ஆனால் இந்தச் சம்பவத்தை வாசிக்கும்போதெல்லாம் ஒரு காரியம் எனக்குப் படுகிறது. பாதை அதே பாதை, திருநாள் அதே திருநாள், கூட்டமும் ஏறக்குறைய அதே கூட்டம். பிள்ளைமாத்திரம் போன வருஷத்துப் பிள்ளை அல்ல. தாயார் அவரைக் கண்டவுடன் அடிக்கவில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காத பதிலைத் தள்ளிவிடாமல் மனதில் வைத்துக்கொண்டார்கள். அவரும் அவர்களோடு நாசரேத்துக்குப் போய்க் கீழ்ப்படிந்திருந்தார்.

ஆகையால் கேள்வி இதுதான்: பிள்ளையின் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கவேண்டும்? அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், யூதர்களுடைய குழந்தைகளுக்குப் பெற்றோரின் சம்மதமின்றி ஞானஸ்நானம் கொடுக்கலாகாது என்று வாதிக்கிற இடத்தில், புத்தி விவரம் வராத பிள்ளை, கருப்பையில் இருப்பதுபோலப் பெற்றோரின் பராமரிப்புக்குள் இருக்கிறது என்கிறார். அந்த இடத்திலேயே, புத்தி விவரம் வரத் தொடங்கினவுடன் பிள்ளை தனக்குத்தானே உரியதாகத் தொடங்குகிறது என்றும் விளக்குகிறார். திருச்சபைச் சட்டம் ஏழு வயது நிறைந்த பிள்ளைக்குப் புத்தி விவரம் உண்டு என்று எண்ணுகிறது. உலக நாடுகள் 1989-ல் செய்துகொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையும், பிள்ளையைப் பற்றிய காரியங்களில் அதன் அபிப்பிராயத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. நமது தேசம் 1992-ல் அதில் சேர்ந்தது. நம் பிள்ளைகளைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புகிறோம் அல்லவா? தன் பாவத்தைத் தானே ஆராய்ந்து சொல்லத் தகுதியுள்ள பிள்ளைக்கு, ஏழு நாள் எங்கே தூங்குவது என்று சொல்லத் தகுதியில்லையா?

"வேணாம்" என்று சொல்வதையெல்லாம் கேட்டால் பிள்ளை பள்ளிக்கூடமும் போகாது, ஞானோபதேசத்துக்கும் வராது, மருந்தும் குடிக்காது என்று தகப்பனார் சொன்னார். மெய்தான். ஆனால் அவை கடமைகள். முகாம் கடமையல்ல. கடமைக்கு மாறாகப் பிள்ளை சொல்லும் மறுப்புக்குக் காரணம் வேண்டும். கடமையல்லாத ஒன்றுக்கு, அதிலும் இரவில் வீட்டைவிட்டு அந்நியர் நடுவில் தங்குகிற காரியத்துக்கு, அதன் மறுப்பே போதும். சம்மதமோ அப்படியல்ல. பிள்ளை போகிறேன் என்று குதிப்பதனால் மட்டும் அனுப்பிவிட முடியாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்று நான் சொன்னபோது அவர் சற்று யோசித்தார். கூச்சமுள்ள பிள்ளையைத் தள்ளிவிட்டால்தானே தைரியம் வரும் என்று கேட்கிறவர்களும் உண்டு. சில பிள்ளைகளுக்கு வருகிறது. வேறு சில பிள்ளைகள், என் சொல் வீட்டில் செல்லாது என்பதைத்தான் கற்றுக்கொள்கின்றன. பின்னால் உண்மையாகவே ஆபத்து வரும்போது வாய் திறப்பதில்லை.

அதற்காகக் காரணத்தைக் கேட்கவே வேண்டாம் என்பதல்ல. கேட்கவேண்டும், ஆனால் போலீஸ்காரர் விசாரிப்பதுபோல் நிற்கவைத்துக் கேட்கக்கூடாது. அந்தத் தாயார் ஒரு நாள் தலை பின்னிவிடும்போது பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார்கள். அப்போது வந்தது. பெண்பிள்ளைகள் தூங்கும் கூடத்திலிருந்து கக்கூஸுக்குப் போகும் வழியில் விளக்கு இல்லை. யாரையும் எழுப்பப் பயம். ஆறு இரவும் விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். "இதுக்கா?" என்றாராம் தகப்பனார். இதற்குத்தான். நமக்கு ஒரு டார்ச்சு விளக்கு. அவளுக்கு அது ஆறு இரவு. விளக்குப் போட்டுத் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கட்டுமா என்றார்கள். கேளுங்கள், பிற பிள்ளைகளுக்காவது உதவும் என்றேன். அவள் இன்னமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள்.

வேறு சில பிள்ளைகளின் "சும்மா"வுக்குள் இதைவிடக் கொடிய காரியம் இருக்கக்கூடும் என்பதைப் பெற்றோர்கள் மறக்கவேண்டாம். அது குருவானவரானாலும், ஆசிரியரானாலும், உறவினரானாலும் மூடி மறைப்பதற்கு உங்களுக்கு உரிமை கிடையாது. 2012-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, பிள்ளைக்கு அப்படிப்பட்ட தீங்கு நடந்ததென்று அறிந்தவர்கள் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும். 1098 என்னும் தொலைபேசி எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பையனுடைய சம்மதத்துக்கு வருவோம். ஏன் போகவேண்டும் என்று அவனைக் கேட்டேன். போன வருஷம் கடலில் முழங்காலுக்குமேல் இறங்கவிடவில்லையாம். இந்த வருஷம் பெரிய பையன்களோடு விடுவார்களாம். கண் மின்னச் சொன்னான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம்முடைய கரையில் அலை பார்க்க அழகாயிருக்கும். காலுக்கடியில் மணலை வாரிக்கொண்டு கடலுக்குள் இழுக்கும் ஓட்டம் மேலே தெரியாது. 2024 மே 6-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்துபோனார்கள். படித்தவர்கள், வாலிபர்கள். ஆகவே தகப்பனாரை நேரில் போய்க் கேட்கச் சொன்னேன். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது நீந்தத் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர் நிற்பார்கள், கடல் கொந்தளிக்குமென்று எச்சரிக்கை வந்தால் யார் தீர்மானிப்பார்கள், இரவில் கூடத்தில் யார் படுப்பார்கள், போன வருஷத்துப் பொறுப்பாளர்கள் இப்போதும் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்கவேண்டும். "அதே முகாம்தானே சாமி" என்றார். பலகையில் பெயர் அதேதான். வேடந்தாங்கலுக்கு வருஷந்தோறும் வருகிற பறவைகள்கூட, ஏரி வற்றின வருஷத்தில் பழக்கத்துக்காக வந்து இறங்குவதில்லை. தண்ணீர் இருக்கிற இடம் பார்த்துப் போய்விடுகின்றன.

பிள்ளைகளுக்குள் பாரபட்சம் என்கிற பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவனை அனுப்பி ஒருத்தியை வைத்துக்கொள்வது பாரபட்சமல்ல. இருவர் சொல்லையும் கேட்டதுதான் சமம். அவளுக்குக் கட்டியிருக்க வேண்டிய பணத்தில், ஒரு நாள் தாயோடும் பாட்டியோடும் அச்சிறுபாக்கம் மழைமலை மாதாவிடம் போய்வரட்டும். மீதியிருந்தால், முகாம் என்பதையே காணாத ஒரு பெரியப்பா பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ உங்களுக்கு இருக்கக்கூடும்.

சில முகாம்காரர்கள் படிவத்தில் பங்குக் குருவின் கையொப்பமும் கேட்கிறார்கள். அதற்காக வருகிறவர்கள் மாலை ஜெபமாலைக்குப் பிறகு வரலாம். பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள். உங்கள் முன்னிலையிலேயே பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பேன். பதிலை நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.