வேலைப்பாடு வேண்டாம் என்றவர்கள்

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பியிலிருந்து எடுத்த முத்துகள் முதலில் பித்தளைச் சல்லடைகளில் விழும். பெரிய துளை, அதைவிடச் சிறிய துளை என்று சலித்து அளவு பிரித்தபின் கண்ணுக்கும் விரலுக்கும் வேலை. முழு உருண்டையும் மாசற்ற ஒளியும் இருந்தால் ஆணிமுத்து. அதற்கு ஒரு படி குறைந்தால் அணதாரி. இப்படியே இறங்கி, கடைசியில் தூள். இந்த வரிசையில் எங்கும் உளிக்கு இடமில்லை. வைரத்தைப் பெரும்பாலும் பட்டை தீட்டித்தான் அணிகிறார்கள். முத்தைக் கடல் தந்தபடியே வாங்குகிறார்கள். அதன்மேல் படும் ஒரே கருவி துளையிடும் ஊசி. அதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு: முத்தில் புள்ளியோ வடுவோ இருந்தால், கெட்டிக்காரத் தொழிலாளி துளையை அங்கேயே போட்டுவிடுவார். குறை போன இடம் தெரியாது.

இதே கணக்கை வேட்டைத் துப்பாக்கியிலும் பார்க்கலாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பர்டி, பாஸ் போன்ற பட்டறைகள் கையால் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளின் இரும்பில் ரோஜாவும் கொடியும் செதுக்குவது வழக்கம். இந்திய மகாராஜாக்கள் தங்க இழைப்பும் கேட்டார்கள். ஆனால் அதே உயர்தரத் துப்பாக்கியைக் கேட்டு வாங்கிய சிலர், ஒரு கோடுகூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த விலை கொடுக்க வந்தவருக்குச் செதுக்குக் கூலி பெரிய மிச்சமில்லை. வெற்று இரும்பில் அரத்தின் தடம், இணைப்பின் இடைவெளி, திருகாணித் தலையின் கோணல் எல்லாம் தெரியும். கொடி படர்ந்தால் அவை மறையும். செதுக்காத பரப்பில், இரும்பைப் பதப்படுத்தும் நெருப்பு விட்டுச்செல்லும் நீலமும் பழுப்பும் முழுதாகத் தெரியும் என்பது இன்னொரு காரணம். ஒளித்து வைக்க இடம் கொடுக்காமல் செய்துகாட்டு என்று கேட்டவர்கள் அவர்கள்.

அப்படியானால் இந்த எளிமை துறவா, செருக்கா? அலங்காரத்தைத் தள்ளுவது ஆன்மிகம் என்று நம்பும் பழக்கம் நம்மிடம் ஆழமாகவே இருக்கிறது. முத்துச் சலாபம் நடந்த தூத்துக்குடி மாவட்டத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்க ஒரு பாறை உண்டு.

கழுகுமலையில் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். உடலில் ஆடையில்லை, அணியில்லை. தலைக்குமேல் முக்குடை, சிலருக்குப் பக்கத்தில் பரிவாரம். உடலை மட்டும் பாண்டிய நாட்டுச் சிற்பி வெறுமையாக விட்டிருக்கிறான். எல்லாவற்றையும் விட்டவர்களின் உருவம் அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் சற்றுக் கீழே பார்த்தால் வட்டெழுத்து: இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி. துறவியர் பெயர்கள் இருக்கின்றன, குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களின் பெயர்களும் இருக்கின்றன. அணியைத் துறந்த உருவத்தின் காலடியில் அதைச் செய்வித்தவரின் பெயர் நிற்கிறது. கோடே வேண்டாம் என்று வாங்கிய துப்பாக்கியிலும் பட்டறைக்காரரின் பெயர் மட்டும் வழக்கமாக நின்றது! இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. புண்ணியம் யார் கணக்கில் சேரும் என்று எழுதி வைப்பதும் மனித இயல்புதான். ஆனால் வெறுமை மட்டுமே அகந்தையை வெளியேற்றிவிடும் என்ற நம்பிக்கை இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

அலங்காரத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. சிவன் அபிஷேகப் பிரியர், விஷ்ணு அலங்காரப் பிரியர் என்பது ஊரறிந்த பேச்சு. திருச்செந்தூரில் ஆவணி, மாசித் திருவிழாக்களில் சண்முகர் சிவப்பு சாத்தி, வெள்ளை சாத்தி, பச்சை சாத்தி வருகிறார். அந்த மூன்று நிறங்களில் சிவனையும் பிரமனையும் திருமாலையும் பக்தர்கள் காண்கிறார்கள். அங்கே உடுப்பு எதையும் மறைக்கவில்லை, சொல்ல வந்ததை அதுதான் சொல்கிறது. முத்துக்குளித்துப் பிழைத்த பரதவர்கள் தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் இழுப்பதும் அப்படித்தான். தனக்கு வேண்டாம் என்பவன் தெய்வத்துக்குக் குறைக்கமாட்டான். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் வறியவராகவே ஊர் ஊராக நடந்தார். கோவாவில் அவர் உடல் இருப்பதோ 17-ஆம் நூற்றாண்டில் செய்த, வேலைப்பாடு நிறைந்த வெள்ளிப் பேழையில். அவரிடம் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா என்பது வேறு விஷயம். அந்த வெள்ளி அவருடைய செருக்கைச் சொல்லவில்லை, கொடுத்தவர்களின் அன்பைச் சொல்கிறது.

ஆக, அணி இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது யாருக்காக, எதை மறைக்க என்பதுதான் கேள்வி. சிலப்பதிகாரத்தில் இந்தக் கேள்விக்கு உயிரே விலையாகிறது. அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்ததுதான், தன் திருட்டைக் கண்ணகியின் கணவன்மேல் சுமத்தப் பொற்கொல்லனுக்கு வசதி. தொழில்திறம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு எளிதாகப் பொய் சொல்ல முடிந்தது. உடைத்த பின்தான் உண்மை வெளியே தெறித்தது: பாண்டியன் தேவி சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம்.

முத்துக்கு அந்தச் சோதனை வேண்டியதில்லை, அதன் வெறுமையே சாட்சி என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். தூத்துக்குடிக் கடலில் பெரிய சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். 1973-இல் இதே ஊரில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் உருண்டைக் கருவை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். ஜப்பானியர்கள் அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொழிலாக்கிவிட்டார்கள். வளர்ப்பு முத்தும் உருண்டைதான், அதற்கும் ஒளி உண்டு, அதிலும் உளி படவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணும் தடுமாறும். எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே இருக்கும் கரு உறுதியாகத் தெரிகிறது. இன்று விலையுயர்ந்த இயற்கை முத்தை வாங்குபவர், முத்தோடு ஆய்வகச் சான்றிதழையும் கேட்டு வாங்குகிறார்.