முகமறியாதவருக்காக அழலாமா?



தான் ஒருநாளும் நேரில் கண்டு பேசியிராத ஒருவர் மரித்தார் என்று கேட்டு ஒரு மனிதன் கண்ணீர் விடுகிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபோது அவன் இவ்வளவு அழவில்லை. இது நியாயமான துக்கமா, அல்லது வெறும் பைத்தியக்காரத்தனமா? சிரித்துத் தள்ளிவிடத்தக்க கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். நம் அன்பு எதில் வேர் கொள்கிறது, எப்படிக் கனி கொடுக்கிறது என்பது இதில் அடங்கியிருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2012-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டேவி ஜோன்ஸ் என்னும் பாடகர் மாரடைப்பால் மரித்தார். அவருக்கு வயது 66. பள்ளிச் சிறுமிகளாய் அவர் பாட்டைக் கேட்டு, இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஸ்திரீகள், சொந்தச் சகோதரனை இழந்ததுபோல் அழுதார்கள்.

யார் இவர்? 1945-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் பிறந்தவர். 14 வயதில் தாயை இழந்தார். குள்ளமான உருவம், ஆகையால் பந்தயக் குதிரை ஓட்டப் பழகும்படி நியூமார்க்கெட் என்ற ஊருக்குப் போனார். பின்பு நாடக மேடை ஏறி, அமெரிக்கா சேர்ந்து, அங்கே ஒரு படக் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்.

1965-ல் அந்தக் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் போட்டார்கள். நான்கு வாலிபர்கள் அடங்கிய பாட்டுக் குழு ஒன்றைத் தொலைக்காட்சித் தொடரில் காட்ட வேண்டும். அதற்குப் பையன்கள் தேவை என்பது அதன் கருத்து. 400 பேருக்கு மேல் வந்தார்கள். மிக்கி டோலன்ஸ், மைக்கேல் நெஸ்மித், பீட்டர் டோர்க் ஆகிய மூவரும், ஏற்கெனவே ஒப்பந்தத்திலிருந்த டேவி ஜோன்சும் சேர்க்கப்பட்டார்கள். குழுவின் பெயர் ‘தி மங்கீஸ்’. 1966 செப்டம்பரில் தொடங்கி 1968 மார்ச் வரையில் 58 பகுதிகள் ஒளிபரப்பாயின. முதல் இரண்டு இசைத்தட்டுகளில் பாடிய குரல் அவர்களுடையது. வாத்தியங்களையோ பெரும்பாலும் கூலிக்கு அமர்த்தப்பட்ட வேறு கலைஞர்களே வாசித்தார்கள்.

இப்போது ஆட்சேபங்களை ஒவ்வொன்றாய்க் கேட்போம்.

முதல் ஆட்சேபம்: “சோப்புக்கட்டி செய்வதுபோல வியாபாரிகள் செய்த குழு இது. லாபத்துக்காகப் பிறந்த ஒன்றின்மேல் உண்மையான அன்பு எப்படி உண்டாகும்?”

உத்தரம்: செய்தவனுடைய நோக்கம் வேறு, பெற்றவனுக்கு வாய்த்த நன்மை வேறு. கலியாணத் தரகர் கமிஷனுக்காகத்தான் ஜாதகத்தையும் போட்டோவையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாய் அலைகிறார். அதனால் அவர் சேர்த்துவைத்த தம்பதிகளின் நாற்பது வருஷத் தாம்பத்தியம் பொய்யாகிவிடுமா? தொடக்கத்தில் பணம் இருந்தது மெய்தான். ஆனால் பின்னால் வந்தது எல்லாம் பணத்தால் ஆனதல்ல.

எனினும் ஒன்றை ஒளிக்கக்கூடாது. வாத்தியம் வாசியாதவர்களை வாசித்தவர்களாய் உலகம் நம்பும்படி விட்டது தவறு. அந்தத் தவறு முதலில் உறுத்தியது யாரை? அந்த வாலிபர்களையே. 1967-ம் ஆண்டின் தொடக்கத்தில் நெஸ்மித் உண்மையைப் பத்திரிகைக்காரரிடம் உடைத்துச் சொல்லிவிட்டார். எஜமானர்களோடு போராடி, அதே வருஷம் மே மாதத்தில் வந்த ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ என்னும் இசைத்தட்டில் பெரும்பாலும் தாங்களே வாசித்தார்கள். ஜனங்கள் அவர்களைக் கைவிட்டார்களோ? இல்லை, அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பொய்யிலே தொடங்கியதும் மெய்யாகத் திரும்பக்கூடும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

இரண்டாம் ஆட்சேபம்: “அழுகிறவர்களை அவருக்குத் தெரியாதே! ஒருதலையான அன்பு அன்பாகுமா?”

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாலிப வயதில், தர்க்கசாஸ்திரம் படித்துக்கொண்டிருந்த நாளில், விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். வானொலியில் கேட்டுவந்த ஒரு பாடகர் இறந்துபோனாரென்று என் பெரியம்மா அன்று சோறு உண்ணவில்லை. படித்த கர்வத்தில், “அவருக்கு உங்களைத் தெரியுமா?” என்று கேட்டுச் சிரித்தேன். “எனக்கு அவரைத் தெரியுமே, ராசா” என்றார். விதவையாய்த் தன்னந்தனியே அடுப்படியில் நின்ற அத்தனை வருஷமும் தன்னோடுகூட நின்ற குரல் அது என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் படித்த தர்க்கத்தில் அதற்குப் பதில் இல்லை. அவர் காலமாகிப் பல வருஷங்களாகியும் அந்தச் சிரிப்பு என்னை இன்னும் சுடுகிறது.

உண்மை என்னவென்றால், நன்றி செலுத்துவதற்கு அறிமுகம் வேண்டியதில்லை. சாலையோரப் புளியமரத்தை நட்டவன் யாரென்று தெரியாமலே நாம் அதன் நிழலில் இளைப்பாறுகிறோம். அவனை நினைத்து ஒரு நல்வார்த்தை சொன்னால் அது மூடத்தனம் அல்ல.

ஆனால் நன்றி வேறு, உரிமை கொண்டாடுவது வேறு. சில ரசிகர்கள் படத்தை நேசிப்பார்கள். படத்துக்குப் பின்னால் இருக்கிற மனிதனை நேசிக்கமாட்டார்கள். அவனுக்கு நரை விழக்கூடாது, குரல் தளரக்கூடாது, வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடாது என்பார்கள். இது அன்பு அல்ல, சிறைவாசம். டேவி ஜோன்ஸ் மரணத்துக்கு முந்திய வருஷம், 2011-ல், தம் தோழர் இருவரோடு மேடையேறினார். இருபது வயது முகத்தை மாத்திரம் விரும்பினவர்களுக்கு அங்கே வேலையில்லை. அறுபத்தைந்து வயது மனிதரை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டவர்களே அவரை உண்மையாய் நேசித்தவர்கள்.

மூன்றாம் ஆட்சேபம்: “அவர்கள் அவருக்காக அழவில்லை, போய்விட்ட தங்கள் இளமைக்காகத்தான் அழுகிறார்கள்.”

உத்தரம்: பாதி மெய். பழைய பாட்டு ஒன்று கேட்டதும் பள்ளிக்கூடத் தோழியும், தகப்பன் வீட்டுத் திண்ணையும், உயிரோடிருந்த தாயும் கூடவே எழுந்து வருவது மனித சுபாவம். அதில் குற்றமில்லை. ஆனால் துக்கம் அங்கேயே உட்கார்ந்துவிட்டால் அது சுயபரிதாபமாய் முடியும். எழுந்து வெளியே வந்து ஏதாவது செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தை அறிய கனியைப் பார்ப்பதுபோல, துக்கத்தை அறிய அதன் செய்கையைப் பாருங்கள்.

இந்தத் துக்கம் என்ன செய்தது? டேவி ஜோன்ஸ் கடைசிவரை குதிரைகளை நேசித்தவர். அவர் விட்டுப்போன குதிரைகளைப் பராமரிக்க அவர் பெயரால் ஓர் அறநிதி ஏற்பட்டது. ரசிகர்கள் அதற்குக் கைகொடுத்தார்கள். கண்ணீர் வைக்கோலாகவும் தண்ணீராகவும் மாறி, வாயில்லா ஜீவன்களின் தொட்டியை நிரப்பியது.

இன்னொன்றையும் கேளுங்கள். அதே 2012 நவம்பரில், மீந்திருந்த மூவரும் கச்சேரி நடத்தினார்கள். ‘டேட்ரீம் பிலீவர்’ என்ற பாட்டு, 1967-ல் டேவி ஜோன்ஸ் குரலில் வெளிவந்து பேர்பெற்றது. அதை இனி யார் பாடுவது? மூவரில் ஒருவரும் அவருடைய இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பாட்டு இனி ஜனங்களுக்குச் சொந்தம் என்று சொல்லி, சபையிலிருந்து ஒரு ரசிகரை மேடைக்கு அழைத்துப் பாடச் செய்தார்கள். கூட்டம் முழுவதும் கூடப் பாடியது.

சிந்தித்துப் பாருங்கள். விற்பதற்கென்று செய்யப்பட்ட பாட்டு. அதற்கு உரிமைப் பத்திரம் யாரிடமோ இருக்கிறது. ஆயினும் நாற்பத்தைந்து வருஷம் அதைத் தங்கள் சந்தோஷத்திலும் சஞ்சலத்திலும் சுமந்து நடந்தவர்கள், எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத ஒரு பாத்தியதையை அதில் சம்பாதித்துவிட்டார்கள். வியாபாரி ஒரு பொருளை விற்கலாம். அதைப் பொக்கிஷமாக்குகிறவன் அவனல்ல, அதை உண்மையோடு காத்து வருகிறவனே.

ஆகவே, முகமறியாதவருக்காக அழலாமா என்ற கேள்விக்கு, அழலாம் என்பதே என் விடை. உங்கள் வீட்டில் மகனோ மகளோ, வயதான தாயோ, யாரோ ஒரு பாடகருக்காக முகம் வாடி உட்கார்ந்திருந்தால், நான் சிரித்ததுபோல் சிரிக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, அந்தப் பாட்டை எப்போது முதல்முதல் கேட்டாய் என்று கேளுங்கள். நீங்கள் அறியாத ஒரு வாழ்க்கை அங்கே திறக்கும்.

அழுகிறவருக்கும் ஒரு வார்த்தை. தூரத்திலிருந்த ஒருவர் தம்மை அறியாமலே உங்களுக்கு ஆறுதலாயிருந்தார். அவருக்கு அந்தக் கடனை இனித் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் தனியே இருக்கிறாரே, அவருக்குக் கொடுக்கலாம். இன்று மாலையே அவர் கதவைத் தட்டுங்கள்.