ஏலத்தில் கேட்கக்கூடாத கேள்வி

எங்கள் பக்கம் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று மலையில் விளையும் காய். இன்னொன்று அதை விற்கும் முறை. போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் இப்போது கம்ப்யூட்டரில்தான் விலை கேட்கிறார்கள். ஆனாலும் மாதிரிக் காய் வியாபாரியின் கைக்கு வந்தாக வேண்டும். அவர் நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், ஒரு காயை உடைத்து மோந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் பட்டனைத் தொட மாட்டார். "என் காயை ஏன் சந்தேகப்படுறீங்க" என்று எந்த விவசாயியும் சண்டைக்குப் போவதில்லை. அந்தச் சந்தேகமும் சேர்ந்துதான் அங்கே விலை.

2022 ஜனவரியில் நானும் ஒரு விற்பனையில் இறங்கினேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்ததால் கம்பத்தில் இருந்தேன். என்னோடு இன்ஜினியரிங் படித்த நண்பன் ஒருவன் நன்றாக வரைவான். திராட்சைப் பந்தலுக்குள் விழும் வெயில், மேகமலை ஏறும் பஸ், இரட்டை மாட்டு வண்டிப் பந்தயம் என்று இந்தப் பள்ளத்தாக்கை 200 படங்களாக டிஜிட்டலில் வரைந்து வைத்திருந்தான். அதை மாட்ட எங்களுக்கு ஒரு சுவர் கிடைக்கவில்லை. "என்எஃப்டியா போட்டுருவோம் மாப்ள. நீ கோட் எழுது, ஆளைச் சேரு" என்றான். கோட் எழுத இரண்டு வாரம் ஆனது. ஆள் சேர்ப்பதுதான் உண்மையான வேலை என்பது பிறகு தெரிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்எஃப்டி வாங்குபவர் படத்தை வாங்குவதில்லை. இத்தனாம் எண் டோக்கன் இந்த முகவரிக்குச் சொந்தம் என்று எத்தீரியம் போன்ற ஒரு பிளாக்செயினில் விழும் பதிவை வாங்குகிறார். படம் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். டோக்கனில் அதற்கான சுட்டிதான் இருக்கும். படத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். தனியாக எழுதிக் கொடுத்தாலொழிய காப்புரிமையும் வாங்கியவருக்கு வராது. அப்படியானால் பணம் எதற்கு? அந்தப் பதிவை நாளைக்கு இன்னொருவரும் விரும்புவார் என்ற நம்பிக்கைக்கு.

அதனால் எங்கள் விளம்பரமும் படங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. டிஸ்கார்டில் ஒரு குழு. பத்துப் பேரைக் கூட்டி வந்தால் முதலில் வாங்குவோர் பட்டியலில் இடம். விடிந்ததும் எல்லோரும் 'ஜிஎம்' போட வேண்டும். சந்தேகம் கேட்பவருக்கு அந்த உலகத்தில் ஒரு பெயர் உண்டு: 'ஃபட்' பரப்புகிறவர். பயம், நிச்சயமின்மை, சந்தேகம் என்ற மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள். ஃபட் வந்தால் தூக்கிவிடுவது மாடரேட்டரின் வேலை. மாடரேட்டர் நான்.

சுருளிப்பட்டியில் குத்தகைக்குத் திராட்சை போட்டிருக்கும் சித்தப்பா மகனையும் குழுவில் சேர்த்திருந்தேன். விற்பனைக்கு முந்தின இரவு அவன் எழுதினான்: "அண்ணே, படமெல்லாம் நல்லாருக்கு. நாளைக்கு எனக்குப் பணம் வேணும்னா இதை யார்ட்ட விக்கிறது?"

விவசாயி கேட்கும் கேள்வி. பழத்தை யார் எடுப்பார்கள் என்று யோசிக்காமல் அவன் கவாத்துக் கத்தியைத் தொடுவதில்லை. நான் அதை அழித்தேன். தனியாக, "எல்லார் முன்னாடியும் இப்படிக் கேக்காதடா, நம்ம புராஜெக்ட்" என்று அனுப்பினேன். "சரிண்ணே" என்றான். மறுநாள் ஆறு டோக்கன் வாங்கினான். ஒன்று 0.02 ஈதர், அன்றைய விலைக்கு நாலாயிரத்துச் சொச்சம்.

200-இல் 83 விற்றன. அதற்குமேல் அவற்றை மறுபடி வாங்க ஒருவரும் வரவில்லை. மே மாதம் லூனா விழுந்தது, நவம்பரில் எஃப்டிஎக்ஸ். எங்கள் கடையில் விழுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

நாங்கள் இதில் இறங்கியதற்கு ஒரு விதத்தில் இன்னொரு தமிழரும் காரணம். 2021 மார்ச் 11 அன்று கிறிஸ்டீஸ் ஏலத்தில் பீப்பிள் என்கிற மைக் விங்கெல்மனின் 'எவ்ரிடேஸ்' 6.93 கோடி டாலருக்குப் போனது. வாங்கிய 'மெட்டாகோவன்', சென்னையில் வளர்ந்து சிங்கப்பூரில் வசிக்கும் புரோகிராமர் விக்னேஷ் சுந்தரேசன் என்று ஒரு வாரத்தில் தெரிந்தது. இந்தியர்களும் வெள்ளையரல்லாத மற்றவர்களும் கலைக்குப் புரவலர்களாக இருக்க முடியும் என்று காட்டவே வாங்கியதாக அவரும் கூட்டாளியும் எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. பாரியையும் குமணனையும் பாடத்தில் படித்தவனுக்குப் புரவலர் என்பது லேசான சொல் இல்லை.

ஆனால் அதே விக்னேஷ், 2020 டிசம்பரில் பீப்பிளின் வேறு 20 படைப்புகளை 22 லட்சம் டாலருக்கு வாங்கி, அந்தத் தொகுப்பை அடுத்த மாதம் பி20 என்ற ஒரு கோடி டோக்கன்களாகப் பிரித்திருந்தார். பெரும்பங்கு அவரிடமே இருந்தது. 36 சென்டில் தொடங்கிய டோக்கன், கிறிஸ்டீஸ் ஏலத்தையொட்டி 20 டாலரைத் தாண்டியது. பிறகு சரிந்தது. இதில் சதி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இந்த அமைப்பில் புரவலர் செய்யும் ஒரு நல்ல காரியம் அவர் கையிலிருக்கும் இன்னொரு பொருளுக்கு விளம்பரமும் ஆகிவிடுகிறது. எது எண்ணம், எது லாபம் என்று அவரே நினைத்தாலும் பிரித்துக் காட்ட முடியாது. எங்கள் குட்டிக் கடையிலும் அதே கதைதான்.

நான் பொய் சொன்னேனா? குழுவில் எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். மொத்தம் 200தான்: உண்மை. பதிவை யாரும் திருத்த முடியாது: உண்மை. வரைந்தவர் நம்ம ஊர்க் கலைஞர்: உண்மை. ஒரு டெஸ்ட் கேஸ்கூட ஃபெயில் ஆகாது. ஆனால் வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர் கேட்பது, சொன்னது நடந்ததோடு பொருந்துகிறதா என்றல்ல, சொன்னதால் யாருக்காவது கெடுதல் உண்டா என்றுதான். அந்தச் சோதனையில், எழுதிய வாக்கியங்களோடு அழித்த வாக்கியத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ஒரு கதைக்கோ பாட்டுக்கோ ஆள் தேடும்போது, வந்தவர் "பிடிக்கலை" என்றால் நஷ்டம் எழுதியவனுக்கு மட்டும். இங்கே ஒருவர் "பிடிக்கலை" என்றால் ஏற்கெனவே வாங்கிய அத்தனை பேருக்கும் நஷ்டம். அதனால் எல்லோருமாகச் சேர்ந்து அவர் வாயை அடைப்பார்கள். ரசிகர்கள் அப்படி உருவாவதில்லை. நண்பனின் ஒரு கோட்டைப் பற்றியோ ஒரு நிறத்தைப் பற்றியோ அந்தக் குழுவில் யாரும் பேசியதில்லை. நான்கூட.

ஏலக்காய் வியாபாரம் புனிதம் என்று சொல்லவில்லை. வாங்கிய காயையே திரும்ப ஏலத்தில் விட்டு விலையை ஆட்டுகிறார்கள் என்பது விவசாயிகளின் பழைய புகார். 'ரீபூலிங்' என்பார்கள். தன் ஒரு வாலட்டிலிருந்து தன் இன்னொரு வாலட்டுக்கே என்எஃப்டியை விற்று விலை காட்டுவது அதற்குப் பங்காளி. காயின் விலையும்தான் விழும். 2019 ஆகஸ்டில் எல்லை தாண்டிப் புற்றடி மையத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது, 2022-இல் ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. அப்போதும் பாயசத்துக்கு நாலு காய் வாங்க ஆள் இருந்தது. அவர் அதை யாரிடமும் விற்க வேண்டியதில்லை.

போன பொங்கலுக்குச் சித்தப்பா மகனிடம் 27,000 ரூபாய் கொடுத்தேன். "எதுக்குண்ணே" என்று சம்பிரதாயத்துக்குக்கூடச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டான். அது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தல். தப்பு என்பதால் கொடுத்தேனா, சித்தப்பா முகத்தில் முழிக்க வேண்டும் என்பதால் கொடுத்தேனா?

மீதி 77 டோக்கன்களில் தெரிந்தவர்கள் போக, மற்றவை எல்லாம் வெறும் 42 எழுத்து முகவரிகள். ஆள் யாரென்றே தெரியாதே, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பணம் அனுப்ப ஆள் தெரிய வேண்டியதில்லை, முகவரி போதும். அந்தப் பெருமையைச் சொல்லித்தானே விற்றோம். யாரிடம் எத்தனை இருக்கிறது என்பது நான் எழுதிய கான்ட்ராக்டிலேயே இருக்கிறது. பத்துப் பதினைந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட். அதை எழுதி, சோதித்தும் பார்த்துவிட்டேன்.

இன்னும் ஓட்டவில்லை.