யுன்னான் ரயிலின் சாவி

1940 ஜூன் 20. பாரிஸ் ஜெர்மானியர் வசமாகி ஆறு நாள் ஆகியிருந்தது. பிரெஞ்சு இந்தோசீனாவின் கவர்னர் ஜெனரல் கத்ரூ, ஜப்பான் விதித்த கெடுவுக்கு இணங்கி, வட வியட்நாமான டோங்கினின் எல்லை வழியாகச் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த போர்ச் சரக்குகளை நிறுத்தினார். ஹைபோங் துறைமுகத்தில் தொடங்கி குன்மிங் வரை 855 கிலோமீட்டர் ஓடிய ரயில்பாதை அப்போது சீனாவுக்கு எஞ்சியிருந்த மிகச் சில வாசல்களில் ஒன்று. பெரிய துறைமுகங்களை எல்லாம் ஜப்பானிடம் பறிகொடுத்த நாடு அது. அதே பாதையின் சீனப் பக்கமான யுன்னான் பகுதியில் ஜப்பான் அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே குண்டு வீசிக்கொண்டிருந்தது. குண்டுகளால் முழுதாக அடைக்க முடியாத வாசலை ஓர் உத்தரவு அடைத்தது.

கத்ரூ செய்தது தவறா? தாய்நாடு வீழ்ந்துவிட்டது. கையில் இருந்த படை சிறியது. பிரிட்டனோ அமெரிக்காவோ துணைக்கு வரவில்லை. அடுத்த மாதம் பிரிட்டனே பணிந்து பர்மா சாலையை மூன்று மாதம் மூடியது. இந்த நிலையில் இருந்த ஒருவரைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. கேட்க வேண்டிய கேள்வி அதற்கும் நாற்பது ஆண்டு முன்னால் கிடக்கிறது: சீனாவின் வாசலுக்கு உரிய சாவி ஹனோயில் இருந்த ஓர் அதிகாரியின் சட்டைப்பைக்கு எப்படிப் போனது?

1895இல் ஜப்பானிடம் தோற்ற சீனாவிடம் ஐரோப்பிய அரசுகள் ஆளுக்கொரு சலுகை கேட்டு நின்றன. 1898இல் பிரான்ஸ் பெற்ற சலுகைதான் இந்த ரயில்பாதை. பாதைக்கும் அதைச் சார்ந்தவற்றுக்கும் வேண்டிய நிலத்தைத் தருவது மட்டுமே சீன அரசின் பொறுப்பு என்று அன்று எழுதிக்கொண்டார்கள். படிக்கும்போது பெருந்தன்மை போலத் தெரியும். முதல் போடாதவனுக்கு நிர்வாகத்தில் சொல் இல்லை என்பதே அதன் பொருள். 1903 அக்டோபரில் 34 பிரிவுகளுடன் விரிவான ஒப்பந்தம் வந்தது. 80 ஆண்டு கழித்தே பாதையைத் திரும்பப் பெறுவது பற்றிச் சீனா பேசலாம். கையெழுத்திட்டவனின் பேரனுக்கும் வயதாகிவிடும் காலம் அது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு மட்டும் சீனத் தரப்பு எவ்வளவு கவனமாக வாதாடியிருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. இந்தப் பாதை வணிகத்துக்கு உரியது. மேலைநாட்டுப் படைகளையோ அவற்றின் ஆயுதங்களையோ ஏற்றக்கூடாது. சீனா போரில் இறங்க நேர்ந்தால் நடுநிலை பேசாமல் சீன அரசின் கட்டளைப்படியே ஓட வேண்டும். வலுவிழந்த அரசின் அதிகாரிகள் முப்பத்தேழு ஆண்டுக்குப் பின்னால் வரப்போகும் ஆபத்தை உணர்ந்து போட்ட வேலி. ஆனால் அந்த வேலி யுன்னானுக்குள் இருந்த 465 கிலோமீட்டரை மட்டுமே காத்தது. மிச்சம் 390 கிலோமீட்டர் பிரெஞ்சு மண். 1940இல் கத்ரூ கை வைத்தது அங்கேதான். ஒப்பந்த எழுத்துப்படி மீறல் இல்லை என்று ஒரு வக்கீல் வாதாடலாம். பாதி வழியில் நிற்கும் ரயிலால் யாருக்கு என்ன பயன்? எழுத்தைக் காப்பாற்றி நோக்கத்தைக் கொல்வதும் வாக்குத் தவறுதல்தான்.

இந்தப் பாதையால் நன்மையே விளையவில்லை என்று சொல்ல முடியாது. கெஜியூ சுரங்கங்களின் வெள்ளீயம் இதன் வழியாகத்தான் கடலைத் தொட்டது. சீனாவின் முதல் நீர்மின் நிலையமான ஷிலோங்பா 1912இல் இயங்கத் தொடங்கியபோது அதன் ஜெர்மன் இயந்திரங்கள் இந்த ரயிலில் வந்தவை. போருக்குத் தப்பி 1938இல் குன்மிங்கில் கூடிய பல்கலைக்கழகங்களின் மாணவர்களில் ஒரு பகுதியினர் பெரும்பாலும் கால்நடையாகவே வந்து சேர்ந்தார்கள். மற்றவர்களில் பலர் ஹைபோங்கில் இறங்கி ரயிலேறினார்கள். ஆனால் அதே பாதையின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். பாதை திறந்த காலத்தில் குன்மிங்காரர் ஒருவர் அன்றைய தலைநகரான பெய்ஜிங்குக்குப் போக, இந்தோசீனா வழியாகக் கடலுக்கு வந்து கப்பலேறுவதே சுலபமான வழியாக இருந்தது. சொந்த நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக, அந்நியனின் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அந்த அவமானத்தை எந்த வரவுசெலவுக் கணக்கில் எழுதுவது?

நன்மையைச் சொல்லி எல்லாவற்றையும் சமன்செய்ய முயல்பவர்கள் நம்திப் பள்ளத்தாக்குக்குப் போய் நிற்க வேண்டும். இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே, ஆற்றுக்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், இரண்டு கால்களை அகட்டி நிற்பது போல ஓர் இரும்புப் பாலம். போல் போதென் வடிவமைத்தது. 67 மீட்டர் நீளம். இரு முனையிலும் சுரங்கப்பாதை. பெரிய இரும்பை அங்கே கொண்டுபோக வழியே இல்லை. அதனால் மனிதரும் கோவேறு கழுதைகளும் சுமக்கக்கூடிய சிறு துண்டுகளாகச் செய்து, மலைத்தடத்தில் தூக்கிப்போய்ப் பூட்டினார்கள். பொறியியலின் அழகு என்று இன்றும் வியக்கிறார்கள், வியக்கத்தக்கதுதான். யுன்னான் பகுதிக்காக அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூலிகளைத் திரட்டினார்கள். ஏறத்தாழ 12,000 பேர் இறந்ததாகப் பிரெஞ்சுத் தரப்புக் கணக்கே சொல்கிறது. ஐந்தில் ஒருவர். டியான்ஜின் போன்ற வடக்கத்திக் குளிர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் மலேரியாப் பள்ளத்தாக்கில் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். 1910இல் முதல் ரயில் குன்மிங்குக்கு வந்தபோது அவர்களில் ஒருவரும் அதில் ஏறவில்லை. பின்னால் வந்தவர் பெற்ற பயனை வைத்து முன்னால் செத்தவரின் கடனை அடைக்க முடியாது. இருவரும் ஒரே ஆள் அல்ல.

கடனாளிகள் பட்டியலில் வியட்நாமியரும் உண்டு. அவர்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பாதையின் கனவு கவர்னர் ஜெனரல் போல் தூமேருடையது. அவர் வகுத்த நிதித் திட்டம் உப்பு, சாராயம், அபின் மூன்றிலும் அரசின் ஏகபோகத்தை வைத்து நின்றது. டோங்கின் விவசாயி உப்புக்குக் கொடுத்த கூடுதல் காசும் தண்டவாளமாக மலையேறியது.

1940 செப்டம்பரில் ஜப்பானியப் படை டோங்கினுக்குள் நுழையவிருந்தபோது, சீனர்களே எல்லையிலிருந்த ஹெகோவ் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கிருந்து உள்நோக்கித் தண்டவாளங்களையும் பெயர்த்தெடுத்தார்கள். வாசலைக் காக்க வேறு வழி அவர்களுக்கு விடப்படவில்லை. 1943இல் யுன்னான் பகுதியின் நிர்வாகத்தைச் சீன அரசு தானே எடுத்துக்கொண்டது.

முறைப்படி அது சீனாவுக்கு வந்தது 1946 பிப்ரவரி 28 அன்று, சோங்சிங்கில் கையெழுத்தான உடன்படிக்கையில். எண்பது ஆண்டுக் கெடு முடிவதற்கு வெகு முன்பே நீதி கிடைத்தது என்று மகிழலாமா? போர் முடிந்ததும் வட வியட்நாமில் ஜப்பானியரின் ஆயுதங்களைப் பெற்றுக்கொள்ளப் போயிருந்த சீனப் படைகள் அங்கிருந்து விலகி, பிரெஞ்சுப் படைகளுக்கு இடம்விட வேண்டும். ரயிலும் மற்றச் சலுகைகளும் சீனாவுக்குத் திரும்பியது அந்தப் பேரத்தில்தான். பறித்ததைத் திருப்பிக் கொடுத்தது சரி. அதற்கு விலையாக மூன்றாவது மக்களின் நாட்டை வைத்தது சரியல்ல. முந்தைய செப்டம்பரில் விடுதலையை அறிவித்திருந்த வியட்நாமியரை இருவருமே கேட்கவில்லை.

உடன்படிக்கை கையெழுத்தான ஆறாம் நாள், மார்ச் 6 அன்று, பிரெஞ்சுப் படைக்கப்பல்கள் ஹைபோங்குக்கு வந்தன. யுன்னான் ரயில் புறப்படுவது அந்தத் துறைமுகத்திலிருந்துதான்.